ஊமை எச் எழுத்தை வைத்து ஸ்பானியச் சொல்லுக்கு வேர் காண்பது எப்படி?

ஸ்பானிய மொழியில் எச் எழுத்துக்கு ஒலி இல்லை. ஒலிக்காத எழுத்தை எதற்காக எழுத வேண்டும் என்ற எரிச்சலில்தான் நான் வேர் தேடத் தொடங்கினேன்.

படி 1: எச் இருக்கும் இடத்தில் எஃப் வைத்துப் பாருங்கள். ஸ்பானியத்தின் தாய்மொழி லத்தீன். மாவுக்கு 'அரினா', எழுதும்போது முன்னால் எச் உண்டு; லத்தீனில் ஃபரினா. இரும்புக்கு 'இயெர்ரோ', அதிலும் முன்னால் எச்; லத்தீனில் ஃபெர்ரும். ஸ்பெயினின் காஸ்டீல் பகுதியில் அந்த எஃப் ஹகரமாகத் தேய்ந்து, பிறகு ஹகரமும் மறைந்தது.

படி 2: தேயாத உறவுச் சொல்லைத் தேடுங்கள். இரும்பு இயெர்ரோ ஆனபின்னும் ரயில் பாதை 'ஃபெர்ரோகரில்'தான். ஒன்று மக்கள் வாயில் தேய்ந்தது. மற்றொன்று லத்தீனிலிருந்து பின்னாளில் படித்தவர்கள் எடுத்துக்கொண்டது. நம் இலக்கணத்தின் தற்பவம், தற்சமம் ஏறக்குறைய இதே கதைதான்.

படி 3: இங்கேதான் நான் வழுக்கினேன். முட்டைக்கு 'உவேவோ', எழுதும்போது முன்னால் எச் உண்டு. ஒரு மாலை முழுவதும் லத்தீன் அகராதியின் எஃப் பகுதியைப் புரட்டினேன். கிடைத்த வேரோ 'ஓவும்'! அதில் எஃபும் இல்லை, எச்சும் இல்லை. அந்தக் காலத்தில் யு, வி இரண்டுக்கும் ஒரே வடிவம். சொல்லின் முதலில் 'உவே' வந்தால் அதை வி என்று படித்துவிடக் கூடாதென்று எச்சைக் காவலுக்கு வைத்தார்கள். எலும்பைக் குறிக்கும் 'உவேஸோ'வும் அப்படியே. ஆகவே எச்சுக்குப் பின் 'உவே' வந்தால் எஃப் தேடாதீர்கள்.

படி 4: ஊகத்தைச் சரிபாருங்கள். வேர்ச்சொல் காணொளிகளை நான் நம்புவதில்லை. 1713இல் தொடங்கிய ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசம். பதிவின் தொடக்கத்திலேயே வேர் இருக்கும்.

பின்சேர்க்கை: வேலைநிறுத்தத்துக்கான 'உவேல்கா'வைக் காட்டி ஒரு வாசகர் என்னை மடக்கினார். எச், 'உவே' இரண்டும் இருக்கின்றன. ஆனாலும் வேர் எஃப்தான். துருத்தியைக் குறிக்கும் லத்தீன் 'ஃபோல்லிஸ்' வழியாக, மூச்சுவாங்குதல், ஓய்வெடுத்தல் என்று பொருள் நகர்ந்து வந்த சொல் அது. எனவே படி 3ஐத் திருத்துகிறேன்: 'உவே' இல்லாத உறவுச் சொல்லை எடுத்துப் பாருங்கள். அனாதை 'உவேர்ஃபனோ', அனாதை இல்லம் 'ஓர்ஃபனாத்தோ'. இரண்டாவதில் எச் இல்லை, ஆகவே அது வெறும் காவல் எச். உவேல்காவின் வினைச்சொல் 'ஓல்கார்'. அதில் எச் அப்படியே நிற்கிறது. நின்றால் வேரில் எஃப் இருந்திருக்கலாம், அல்லது லத்தீனிலேயே எச் இருந்திருக்கலாம். எது என்பதற்குப் படி 4.