பழைய சொகுசு எஸ்யூவி வாங்கும்முன் உயரத்தை அளந்து பாருங்கள்

நான் வாங்கியபோது அந்த வண்டிக்கு வயது 7. டீசல் வி6 என்ஜின், ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும்), கூரை முழுக்கக் கண்ணாடி. புதிதாக விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. நான்காவது மாதம் ஒருநாள் காலையில் பார்த்தால், முன்பக்க இடது மூலை மண்டியிட்டதுபோல இறங்கி நின்றது. ஸ்டார்ட் செய்ததும் மெல்ல எழுந்துகொண்டது. எழுந்துகொள்கிறதே என்று ஐந்து வாரம் அப்படியே ஓட்டினேன். ஒருநாள் எழவே இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் பைகளுக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரெசர் கருகிவிட்டது என்று சொல்லிப் புதிது போட்டார்கள். மூன்றே மாதத்தில் அதுவும் போயிற்று. பிறகு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதில் மூத்தவர். சக்கரத்துக்கு மேலே இருக்கும் காற்றுப் பையில் சோப்புத் தண்ணீர் அடித்தார். மடிப்பில் சின்னதாக நுரை கிளம்பியது. “தம்பி, தொட்டியில ஓட்டைய வச்சுக்கிட்டு மோட்டார மாத்தினா என்னத்துக்கு ஆகும்?” என்றார். பை கசிகிறது, உயரத்தைத் தக்கவைக்கக் கம்ப்ரெசர் ஓயாமல் ஓடுகிறது, சூட்டில் கருகுகிறது. முதல் நாளே பையை மாற்றியிருந்தால் இரண்டு கம்ப்ரெசர் காசு மிஞ்சியிருக்கும்.

ஆறு வருடமாக ஒவ்வொரு செலவையும் நோட்டில் எழுதி வருகிறேன். பெரிய தொகைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வந்திருக்கின்றன: சின்னப் பாகம் ஒன்றைக் கவனிக்காமல் விட்டதால் பெரிய பாகம் போனது. வண்டியின் விலை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது, ஆனால் கம்ப்ரெசரின் விலை குறையவில்லை. அது புது வண்டிக்குரிய விலையிலேயே நிற்கிறது. அதனால் வாங்கப்போகும் வண்டியில் பளபளப்பைப் பார்க்காதீர்கள். முந்தைய உரிமையாளர் சின்ன விஷயங்களை எப்படி நடத்தினார் என்று தேடுங்கள்.

ஏர் சஸ்பென்ஷனுக்கான சோதனைக்கு ஒரு அளவு டேப் போதும். மாலையில் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் கணிசமாக இறங்கியிருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. இரவெல்லாம் வண்டியை நிறுத்திவைக்க விற்பவர் சம்மதிக்கவில்லையா? நான் அந்த வண்டியை விட்டுவிடுவேன்.

அந்தக் காலை வேளையிலேயே அடுத்த சோதனையும் முடிந்துவிடும். “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால், குளிர்ந்த என்ஜின் எழும் முதல் சில நொடிகளில் கடகடவென்று கேட்கும். சூடான என்ஜினில் பல சமயம் அது ஒளிந்துகொள்ளும். பெட்ரோல் வி8 என்றால் கால் மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். பின்னால் நீலப் புகை கிளம்பினால் பெரும்பாலும் வால்வு சீல் இறுகிப்போயிருக்கிறது. பிஎம்டபிள்யூவின் என்63 என்ஜினில் இது பரவலாகப் பேசப்படும் குறை. டர்போ இரண்டும் என்ஜினின் ‘வி’ இடுக்குக்குள்ளேயே, அதாவது சாய்ந்து நிற்கும் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவிலேயே, உட்கார்ந்திருப்பதால் சுற்றியுள்ள ரப்பரும் பிளாஸ்டிக்கும் வேகமாக வெந்துபோகின்றன.

அந்த ‘வி’ இடுக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பணம் அதிகம் புதைவது அங்கேதான். மெர்சிடிஸின் ஓஎம்642 டீசல் என்ஜினில் ஆயில் கூலர் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. அதன் ரப்பர் சீல்கள் காலப்போக்கில் இறுகி ஆயில் கசியும். சீலின் விலை மிகச் சொற்பம். ஆனால் அதைத் தொட இன்டேக் மேனிஃபோல்டு, டர்போ எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். முதல் தலைமுறை போர்ஷே கயென் வி8-இல் அதே இடத்தில் ஓடும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள் வெடிக்கும். அலுமினியக் குழாய் போட்டால் தீரும், அதற்கும் மேலே இருப்பதையெல்லாம் கழற்றியாக வேண்டும். எந்த மாடலைப் பார்த்தாலும் அதன் என்ஜின் குறியீட்டைத் தெரிந்துகொண்டு, அந்தப் பள்ளத்தில் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று பில்லில் தேடுங்கள். பெரிய ரிப்பேர் செய்த பில் இருந்தால் பயப்பட வேண்டாம், அது உங்களுக்கு மிச்சம்.

கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் வரும், மாற்றவே வேண்டாம் என்று விற்பவர் சொல்லக்கூடும். பல சொகுசு வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனம், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. பல மாடல்களில் ஃபில்டர், கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் பிளாஸ்டிக் தட்டோடு சேர்ந்தே வரும், அதனால் தட்டையே மாற்ற வேண்டும். நான் வாங்கிய முதல் மாதமே மாற்றினேன். இரண்டாம் கியருக்கு விழும்போது இருந்த உதறல் நின்றுவிட்டது.

டயரைக் குனிந்து பாருங்கள். நான்கும் ஒரே பிராண்டா, தேய்மானம் ஒன்றுபோல இருக்கிறதா? முழுநேர நான்கு சக்கர இயக்கத்தில் முன்னும் பின்னும் டயரின் சுற்றளவு வேறுபட்டால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் இடைவிடாமல் வழுக்கித் தேயும். டயரில் மிச்சம் பிடித்தவர் டிரான்ஸ்ஃபர் கேஸை உங்கள் தலையில் கட்டிவிடுவார். மெதுவாக ஓட்டியபடியே, ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்புங்கள். இழுத்துப் பிடிப்பதுபோல உதறினால் சந்தேகப்படலாம்.

பிரேக், சஸ்பென்ஷனின் லோயர் ஆர்ம், அதன் ரப்பர் புஷ் எல்லாம் தேயத்தான் செய்யும். இரண்டு டன்னுக்கு மேலுள்ள எடை சும்மா விடாது. பிரேக் பேட் மாற்றும்போது டிஸ்க்கும் சேர்ந்தே வரும் என்று கணக்கு வையுங்கள்.

தண்ணீரை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடிக் கூரையின் நான்கு மூலைகளிலிருந்தும் மெல்லிய வடிகால் குழாய்கள் கீழே இறங்கும். இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கி கார்பெட்டுக்கடியில் தேங்கும். அங்கேதான் சில மாடல்களில் கன்ட்ரோல் மாட்யூல்கள் இருக்கின்றன. கார்பெட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். வாங்கிய பிறகு வருடம் இருமுறை குழாய்களைச் சுத்தம் செய்யுங்கள். காசே ஆகாத வேலை.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமல் போகாதீர்கள். பழுதுக் குறியீடு எதுவும் இல்லையென்று உடனே மகிழ வேண்டாம். வண்டி தன்னைத் தானே பரிசோதித்துக்கொள்ளும் ‘ரெடினஸ்’ சோதனைகள் பெரும்பாலும் முடியாமல் இருந்தால், சமீபத்தில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம், பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். ஏன் என்று கேளுங்கள். அதேபோல, சம்பந்தமில்லாத பத்துக் குறியீடுகள் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். மின்னழுத்தம் இறங்கினால் மாட்யூல்கள் ஆளுக்கொரு புகார் சொல்லும். பல வண்டிகளில் புது பேட்டரியை ஸ்கேனர் மூலம் பதிவு செய்தால்தான் சார்ஜிங் சரியாக நடக்கும்.

டீசல் வாங்கி தினமும் ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி, சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும், நீண்ட ஓட்டம் வேண்டும். அந்த எரிப்பு ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுவிட்டால் கரி அடைக்கும், எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு தானாக ஏறினால் அதுதான் அறிகுறி.

செலவுக் கணக்கு: கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடத்துக்கென்று தனியாக வைக்கச் சொல்வேன், எனக்கு அவ்வளவு தேவைப்பட்டது. அதை இந்த வரிசையில் செலவிடுங்கள்: எல்லா ஆயிலும், கசியும் ரப்பர், நான்கு டயர், பேட்டரி. ஸ்கிரீன், லெதர், பாலிஷ் எல்லாம் அடுத்த வருடம். என்ஜின் ஆயிலை நான் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன், கையேடு அதைவிட நீண்ட இடைவெளி சொன்னாலும்.

மாதம் முதல் ஞாயிறு காலை, டேப்பை எடுத்து நான்கு மூலையையும் இன்றும் அளக்கிறேன். இரண்டு நிமிடம் ஆகும்.