“எரியேல்லைதானே” என்று விடுவதுதான் முதல் தவறு

சீனக்குடாவில் சீமெந்து ஆலை, கரையோரமெங்கும் பைபர் வள்ளங்கள், கந்தளாய், தம்பலகாமம் பக்கம் போனால் வயல். திருகோணமலையில் தோலைக் கெடுக்கும் பொருளோடு பழகாத குடும்பம் குறைவு. பழகிப்போனதால்தான் தவறும் கூடுகிறது. மேசன்மாரைக் கேட்டாலும் வயலுக்கு மருந்தடிப்பவரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: “எரியேல்லைதானே, பிறகு கழுவலாம்.”

ஈரச் சீமெந்துக்கு இந்தக் கணக்குச் சரிவராது. தண்ணீர் பட்டதும் அதில் கல்சியம் ஹைட்ரொக்சைட் உண்டாகி, அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு (7க்கு மேல் காரம், கீழே அமிலம்) 12, 13 வரை ஏறும். நம் தோல் 5 அளவில், இலேசான அமிலத்தன்மையோடு இருப்பது. கடும் அமிலம் பட்டால் பெரும்பாலும் உடனே சுரீர் என்று எரியும், கையை உதறுவோம். காரம் அப்படிச் சத்தம் போடாது. தோலின் கொழுப்பைக் கரைத்தபடி உள்ளே இறங்கும். காலையில் கொங்கிரீட் போடும்போது பூட்ஸுக்குள் வழிந்த கலவை, பின்னேரம் பூட்ஸைக் கழற்றும்போதுதான் கண்ணில் படும். அதற்குள் புண் ஆழமாகியிருக்கும். முழங்காலில் நின்று தளம் பூசுகிறவர்களுக்கும் இதே ஆபத்துத்தான். நனைந்த காற்சட்டையை வெயிலில் காயட்டும் என்று விடாமல், உடனே கழற்றிக் காலைக் கழுவ வேண்டும்.

கரண்டியும் தாச்சியும் கழுவிய வாளியிலேயே கையையும் கழுவுவது இன்னொரு தவறு. அந்தத் தண்ணீரும் காரம்தான். கை கழுவவென்று நல்ல தண்ணீரில் ஒரு பீப்பா தனியாக இருக்கட்டும். செலவு ஒன்றும் பெரிதில்லை. சீமெந்தில் மிகச் சிறிதளவு குரோமியம்-6 என்ற உலோக வகையும் உண்டு. வருடக்கணக்கில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமையாக மாறும், பிறகு அது ஆயுளுக்கும் போகாது. தோல் செருப்புப் போட்டால்கூடக் கால் சொறியும், ஏனென்றால் தோல் பதனிடவும் குரோமியம் பாவிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சீமெந்தில் இதைப் பத்து இலட்சத்தில் 2 பங்குக்கு மேல் விடுவதில்லை.

வயலில் நிலைமை இன்னும் மோசம், காரணம் அங்கே தோல் புண்ணாகாமலே மருந்து உடம்புக்குள் போய்விடும். எல்லா இடத்துத் தோலும் ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. பரத்தியன் என்ற பூச்சிக்கொல்லியை வைத்து நடந்த பழைய ஆய்வொன்றில், விதைப்பையின் தோல் முன்கையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் உறிஞ்சியது தெரியவந்தது. இனி யோசித்துப் பாருங்கள்: தெளிகருவி ஒழுகி முதுகு நனைகிறது, அது சாரத்துக்குள் இறங்குகிறது, வேலை முடியும்வரை அந்த ஈரச் சாரத்தோடே நிற்கிறோம். ஒழுகும் கருவியைத் திருத்தாமல் முகத்துக்கு மட்டும் துணி கட்டுவதில் பெரிய பயன் இல்லை. மருந்தைக் கலக்கும் நேரம்தான் மிக ஆபத்தானது, போத்தலில் இருப்பது செறிவு கூடியது என்பதால். ஆனால் கையுறையை வரம்பில் வைத்துவிட்டுக் கலப்பவர்கள்தான் அதிகம். சிறுநீர் கழிக்கப் போகுமுன்னும் கை கழுவ வேண்டும். இதைச் சொல்ல யாரும் கூச்சப்படத் தேவையில்லை. வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்து ஊறப்போடாதீர்கள்.

கையுறை போட்டாலே போதும் என்பதும் பிழைதான். மெல்லிய லேட்டெக்ஸ் கையுறை தின்னருக்கும் பெற்றோலுக்கும் நின்று பிடிக்காது. எண்ணெய், கிறீஸ், பெற்றோல் வேலைக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை நல்லது. ஆனால் வள்ளம் திருத்துகிறவர்கள் பாவிக்கும் அசிற்றோன் அதையும் சீக்கிரம் ஊடுருவிவிடும், அதற்கு பியூட்டைல் ரப்பர் வேண்டும். எதுவானாலும், உள்ளே மருந்தோ கலவையோ போய்விட்ட கையுறை வெறுங்கையைவிடக் கேடு, அது பட்டதைத் தோலோடு அமுக்கி வைத்திருக்கும்.

பெயின்ற், கிறீஸ் பட்ட கையை மண்ணெண்ணெய், தின்னர் ஊற்றித் தேய்ப்பது நம் ஊரில் ஊறிப்போன பழக்கம். கறை போகும், கூடவே தோலின் எண்ணெய்ப் பசையும் போகும். அப்புறம் வெடிப்பு, அதன் வழியே அடுத்த நாள் படும் எல்லாமும் உள்ளே. காயாத எண்ணெய்ப் பெயின்றுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போட்டாலே பெரும்பாலும் போய்விடும்.

வெயிலும் இப்படித்தான், சூடு தெரியவில்லை என்றால் தாக்கம் இல்லை என்று நினைக்கிறோம். ஏப்ரல் நடுவை அண்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் திருகோணமலைக்கு நேர் உச்சியில் நிற்கும். கடல் காற்றில் உடம்பு குளிர்ந்திருக்கும், மெல்லிய முகில் மறைத்திருக்கும், புற ஊதாக் கதிர் மட்டும் அதிகம் குறையாமல் வந்துகொண்டிருக்கும். கறுத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்பது பாதி உண்மை. தோல் தாங்கினாலும் கண்ணும் கீழுதடும் தாங்காது. கடற்தொழிலாளர்கள் பலருக்குக் கண்ணில் சதை வளர்வது இதனால்தான். அகலமான தொப்பியும் நீளக்கைச் சட்டையும் எந்தக் கிறீமையும்விட மலிவு.

கிறீம் என்றதும் ஒன்று. விபரச்சீட்டு இல்லாமல் விற்கும் வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசமோ ஸ்டெரொய்டோ இருக்கலாம். முதல் மாதம் முகம் பளிச்சென்றுதான் இருக்கும்.

சரி, பட்டுவிட்டது, என்ன செய்வது? அமிலம் பட்டால் சுண்ணாம்பு, சுண்ணாம்பு பட்டால் தேசிக்காய் என்று ஒன்றை ஒன்றால் அடிக்கப் போகாதீர்கள். அந்தத் தாக்கத்திலேயே வெப்பம் பிறக்கும், கழுவும் நேரமும் வீணாகும். பற்பசையும் வேண்டாம். உலர்ந்த தூள் என்றால் முதலில் தட்டிவிட்டு, உடுப்பு, மோதிரம், மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றி, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் காரம் பட்டால் இன்னும் அதிக நேரம், கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வழி பாருங்கள். மருந்தடித்தவருக்கு வாயில் நீர் ஊறி, வியர்த்து, பார்வை மங்கினால் 1990க்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள். மருந்துப் போத்தலையும் லேபலோடு கொடுத்துவிடுங்கள், டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.