சைனஸ் ஆபரேஷனுக்கு மதுரை போகிறவர்கள் டிக்கெட் போடும் முன்

இங்கிலாந்து வந்த முதல் குளிரிலேயே நம் ஊர்ப் பையன்கள் கேட்டுவிடுவார்கள்: "பேசாம மதுரைக்குப் போயி சைனஸ் ஆபரேஷனை முடிச்சிட்டு வந்துரலாமாண்ணே?" போகலாம். ஆனால் ரெண்டு வார லீவில் போகாதீர்கள். நான் போய் மாட்டிக்கொண்டேன்.

முதலில் இங்கே ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், பதிந்துகொள்ளுங்கள். சளி பிடித்துப் பத்து நாள் ஆகாமல் போய் நின்றால் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் தரமாட்டார்கள். கோரிப்பாளையத்து மெடிக்கலில் கேட்டு வாங்கிப் பழகிய நமக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அநேகம் சளி வைரஸால் வருவது. அவர்கள் சொல்வது நியாயம். நாள்பட்டதென்றால் உப்புத்தண்ணீரில் மூக்கு கழுவுவதும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் வாரக்கணக்கில் நடக்கும். அதற்கும் அடங்காவிட்டால் ஈஎன்டி, அதாவது காது மூக்கு தொண்டை டாக்டர். அங்கே வரிசை நீளம். இன்னொன்று, மூக்கடைப்பே இல்லாமல் நெற்றி மட்டும் வலித்தால் அது மைக்ரேனாகவும் இருக்கலாம்.

எனக்கு மதுரையில் பார்த்த டாக்டர் சிடி ஃபிலிமை விளக்கில் செருகி, பேனா நுனியால் காட்டினார். "கருப்பா இருந்தா காத்து, சாம்பலா இருந்தா அடைப்பு." வலது புருவத்துக்கு மேலே முழுக்கச் சாம்பல். நெற்றி சைனஸ், அதாவது நெற்றி எலும்புக்குள் இருக்கிற காற்றறை, வடிகிற வழி ரொம்பக் குறுகல். ஒரு பக்கம் கண், பின்னால் மூளைக்குழி. அந்த வழியைத் திறப்பதுதான் ஆபரேஷன். மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப்பை (கேமரா வைத்த மெல்லிய குழாய்) விட்டுச் செய்வதால் நெற்றியில் வெட்டு விழாது. எவ்வளவு திறந்தார்கள் என்பதை டிராஃப் 1, 2, 3 என்று எழுதுவார்கள். ஜெர்மன் மருத்துவர் வொல்ஃப்காங் டிராஃப் 1991-ல் வகுத்தது. 1 என்றால் வழியை அடைக்கும் சிற்றறைகளை எடுப்பதோடு சரி. 3 என்றால் இரு பக்கத்தையும் சேர்த்து ஒரே பெரிய வாசலாக்குவது.

ஆபரேஷன் முடிந்து மறுநாளே செல்லூர் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்புறம்தான் வேலையே. உள்ளே பொருக்குக் கட்டும். அதை டாக்டர்தான் எண்டோஸ்கோப் வைத்து எடுக்க வேண்டும், அதுவும் ஒரு தடவையோடு முடியாது. விட்டால் திறந்த வழி தழும்பேறி மூடிக்கொள்ளும். 12-ஆம் நாளுக்கு டிக்கெட் என்றதும் டாக்டர் முகம் சுளித்தார். டிக்கெட்டை மாற்றி, சம்பளமில்லா லீவு போட்டு, அம்மாவின் நொச்சி இலைச் சட்டியோடு மல்லுக்கு நின்றேன். ஆவி இப்போது கூடாது, ரத்தம் வரலாம் என்று டாக்டர் சொன்னதை அம்மா நம்பவே இல்லை. தலைபாரத்துக்குப் போடும் சித்த மருந்தான நீர்க்கோவைப் பற்று மட்டும் போட்டுக்கொண்டேன், நெற்றிக்கு வெளியேதானே.

எத்தனை நாளில் விமானம் ஏறலாம், எத்தனை தடவை சுத்தம் செய்ய வர வேண்டும் என்று கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். திரும்பும்போது ஃபிலிம் மட்டும் போதாது; சிடி ஸ்கேன் பதிந்த வட்டு, ஆபரேஷன் குறிப்பு, பயாப்ஸி (எடுத்த சதையின் பரிசோதனை) ரிப்போர்ட் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். இங்கே மூக்கு கழுவக் குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள், கொதிக்க வைத்து ஆற்றியது வேண்டும்.

நெற்றியோ கண்ணோ வீங்கினால், பார்வை இரட்டையானால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், ஜிபி அப்பாயின்ட்மென்ட் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இங்கே அவசர எண்ணான 999-ஐக் கூப்பிடுங்கள். குனியும்போது ஒரு பக்க மூக்கில் மட்டும் தண்ணீர்போலச் சொட்டினாலும் அன்றே காட்டிவிடுங்கள். அது சளி இல்லாமல் மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம்.