மின் மிதிவண்டி: கடையிலும் வீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின் மிதிவண்டி வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்பதுதான். அந்தக் கேள்வியில் பிழையில்லை. கிடைக்கும் பதிலை அப்படியே நம்பிவிடுவதுதான் முதல் தவறு. என் வண்டியை வாங்கியபோது 40 கிலோமீட்டர் போகும் என்றார்கள். மூன்றாம் நாள், வீட்டுக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் இருக்கையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டரிலேயே மோட்டார் ஓய்ந்துவிட்டது. மீதித் தொலைவை, 23 கிலோ எடையுள்ள வண்டியை நாக்குத் தள்ள மிதித்தே கடந்தேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்பது பின்னர்தான் விளங்கியது. சமதரையில், எதிர்க்காற்று இல்லாமல், ஓட்டுபவரும் விடாமல் மிதித்துக்கொண்டே போனால் கிடைக்கும் தொலைவைத்தான் அவர் சொல்லியிருந்தார். நானோ மிதியில் காலை வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை மட்டும் முறுக்கிக்கொண்டு போயிருந்தேன்.

இந்தக் கணக்கை யாரும் ஒரு நிமிடத்தில் போட்டுப் பார்க்கலாம். பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் வோல்ட் என்று ஓர் எண்ணும், ஆம்பியர்-மணி என்று ஓர் எண்ணும் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட்-மணி, அதாவது அந்தப் பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு. 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி என்றால் 270 வாட்-மணி. மிதிக்காமல் மோட்டாரை மட்டும் நம்பி ஓட்டினால் ஒரு கிலோமீட்டருக்கு 12 முதல் 15 வாட்-மணி வரை செலவாகும். நாமும் மிதித்தால் அது ஏறக்குறைய பாதியாகக் குறையும். முதல் வகையில் 18 முதல் 22 கிலோமீட்டர், இரண்டாம் வகையில் 40 கிலோமீட்டருக்கு அருகில் என்று விடை வந்துவிடும். விளம்பரத் தாளில் அச்சிட்ட தொலைவைவிட இந்தப் பெருக்கல் நம்பகமானது. ஆகவே, தினமும் போய்வர வேண்டிய மொத்தத் தொலைவைப் போல ஒன்றரை மடங்காவது இந்தக் கணக்கில் கிடைக்கும் பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஏனெனில் எந்தப் பேட்டரியும் ஆண்டுக்காண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவை இழந்துகொண்டேதான் வரும்.

அடுத்த தவறு சட்டம் பற்றியது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி, மோட்டாரின் 30 நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்றின் சான்றையும் பெற்றிருந்தால்தான் மின்கல வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அமைப்புகள் இத்தகைய சான்றை வழங்குகின்றன. அந்த வரம்புக்குள் இருக்கும்வரை பதிவெண், ஓட்டுநர் உரிமம், காப்பீடு எதுவும் தேவையில்லை. ஆனால், வாங்கிய சில நாட்களிலேயே, "ஒரு வயரைக் கழற்றிவிட்டால் 35 வரை போகும் சார்" என்று யாராவது ஒரு மெக்கானிக் சொல்வார். அதைச் செய்த அந்த நொடியிலிருந்து உங்களிடம் இருப்பது மிதிவண்டியல்ல. பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனம். யார் மீதாவது மோதிவிட்டால் இழப்பீடு முழுவதும் சொந்தக் கையிலிருந்து போகும் என்பது ஒரு புறமிருக்க, 25 கிலோமீட்டர் வேகத்துக்கென அமைத்த பிரேக்கையும் ரிம்மையும் 35-இல் ஓட்டுவதும் ஆபத்துதான். கடையிலேயே 350 வாட், 500 வாட் என்று பெருமையாக எழுதி, பதிவே வேண்டாம் என்று விற்கும் வண்டிகளுக்கும் இது பொருந்தும். சோதனைச் சான்றின் நகலைக் கேட்டுப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

ஓட்டிப் பார்க்காமல் வாங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மிதிப்பதை அறிந்து மோட்டாரை இயக்கும் உணரிகள் இரண்டு வகைப்படும். முதல் வகை, மிதி சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் அறியும். மெதுவாக மிதித்தாலும் அழுத்தி மிதித்தாலும் ஒரே வேகத்தில் இழுக்கும், அதுவும் அரைச் சுற்று கழிந்தபின் திடீரென்று. இரண்டாம் வகை, காலின் அழுத்தத்தை அளந்து அதற்கேற்ப உதவும், விலை கூடுதல். நம் ஊரில் விற்கும் மலிவான வண்டிகளில் பெரும்பாலும் முதல் வகைதான் இருக்கிறது. அது குறையன்று, ஆனால், நெரிசலான சந்தில் மாட்டுக்குப் பின்னால் ஊர்ந்து போகையில் வண்டி தானாக முன்னால் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கடை வாசலிலேயே உணர்ந்துவிடுவது நல்லது. இன்னொன்றையும் அங்கேயே சோதிக்க வேண்டும். பின்சக்கரத்தில் மோட்டார் உள்ள வண்டியாயின், ஸ்டாண்டு போட்டு, அந்தச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து, ஆக்சிலரேட்டரை முறுக்கிச் சுழலவிட்டு, பிரேக் பிடியை இலேசாகத் தொடுங்கள். பிரேக் கட்டை பிடிப்பதற்கு முன்பே மோட்டாரின் முனகல் சட்டென்று நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையென்றால் பிரேக் பிடியிலுள்ள மின்துண்டிப்பு வேலை செய்யவில்லை என்று பொருள். அந்த வண்டியைச் சரிசெய்யாமல் சாலையில் இறக்கவே கூடாது.

இணையத்தில் தள்ளுபடி பார்த்து வாங்குவோர் கவனிக்கத் தவறுவது உதிரிபாகம். சாதாரண மிதிவண்டியின் செயினோ டியூபோ எந்தத் தெருவிலும் கிடைக்கும். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் கண்ட்ரோலரும், டிஸ்ப்ளேயும் அப்படியல்ல. வண்டியின் சட்டத்துக்குள்ளேயே பொதித்த, அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவிலான பேட்டரி என்றால், நிறுவனம் அந்த மாதிரியை நிறுத்தியதும் உங்கள் வண்டி வெறும் கனமான மிதிவண்டியாகிவிடும். பேட்டரிக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு, மாற்றினால் என்ன விலை, அதன் வரிசை எண் ரசீதில் எழுதப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். வரிசை எண் இல்லாத ரசீதை வைத்துக்கொண்டு உத்தரவாதம் கேட்கப் போவது வீண் அலைச்சல். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அங்கும் முதலில் கேட்பது ரசீதைத்தான்.

இனி வீட்டுக்கு வந்தபின் நடக்கும் தவறுகள். இவற்றில் மிகப் பெரியது சார்ஜர் சம்பந்தப்பட்டது என்பது என் கருத்து; ஏனெனில் மற்றவை பணத்தோடு போகும், இது உயிரையும் கொண்டுபோகக் கூடும். 36 வோல்ட் லித்தியம்-அயான் பேட்டரிக்குள் பெரும்பாலும் பத்துச் செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் வரைதான் ஏறலாம்; ஆகவே அதற்கான சார்ஜர் 42 வோல்ட்டில் நிற்கும். 48 வோல்ட் பேட்டரியில் பதின்மூன்று செல்கள் வரிசையில் இருக்கும். அதன் சார்ஜர் 54.6 வோல்ட் தரும். சிக்கல் என்னவென்றால், இரண்டு சார்ஜர்களின் செருகுமுனையும் (பின்) பல வேளைகளில் ஒரே அளவில் இருக்கும். சொந்த சார்ஜர் பழுதானதும் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரின் சார்ஜரைக் கடன் வாங்கி, பின் பொருந்துகிறதே என்று செருகுபவர், செல்களை அவற்றின் வரம்புக்கு மேல் ஏற்ற முனைகிறார். பேட்டரிக்கு உள்ளிருக்கும் பாதுகாப்பு மின்சுற்று தடுத்துவிட்டால் பிழைத்தோம். மலிவான பேட்டரியில் அந்தச் சுற்று ஒழுங்காக இருக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஈய-அமிலப் பேட்டரிக்கான சார்ஜரும் இதே காரணத்தால் கூடாது. சார்ஜரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

சார்ஜ் போடும் இடமும் நேரமும் அதே அளவுக்கு முக்கியமானவை. 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜில் விடப்பட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில், புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அது ஸ்கூட்டர், நம்முடையது மிதிவண்டி என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. செல்லின் வேதியியல் ஒன்றுதான், அளவுதான் சிறியது. நியூயார்க் நகரில் மின் மிதிவண்டி உள்ளிட்ட சிறு வண்டிகளின் பேட்டரித் தீ விபத்துகளால் 2023-இல் மட்டும் 18 பேர் இறந்தார்கள்; சான்று பெறாத மின் மிதிவண்டிகளின் விற்பனைக்கு அதே ஆண்டு செப்டம்பரில் அங்கே தடையே வந்துவிட்டது. படுக்கையறையிலும், வீட்டைவிட்டு வெளியேறும் ஒரே வாசலை ஒட்டியும், மாடிப்படிக்கு அடியிலும் சார்ஜ் போடுவது கூடாது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி, 2 ஆம்பியர் சார்ஜரில் முழுமையாக ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் போதும். மாலையில் வந்ததும் அரை மணி நேரம் ஆறவிட்டு, ஆள் விழித்திருக்கும்போதே போட்டுக் கழற்றிவிடலாம். வெயிலில் நிறுத்தியிருந்த வண்டியின் பேட்டரியைத் தொட்டால் சுடுகிறது என்றால், அது ஆறும்வரை சார்ஜரைத் தொடவே வேண்டாம். வெப்பம்தான் லித்தியம் செல்லுக்கு முதல் எதிரி. தமிழ்நாட்டுச் சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் முழுச் சார்ஜுடன் நாள் முழுதும் நிற்கும் வண்டி, ஓடாமலே கிழடாகும்.

நேர்மாறான தவறும் உண்டு. பேட்டரி தீர்ந்த நிலையில் வண்டியை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து வருவோர் பலர். பாதுகாப்புச் சுற்றே சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருப்பதால், செல்களின் மின்னழுத்தம் (வோல்ட்) மீளமுடியாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கிய செல்லை வலுக்கட்டாயமாக ஏற்ற முயன்றால் உள்ளுக்குள் குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட வாய்ப்புண்டு. ஊருக்குப் போகுமுன் பேட்டரியைப் பாதியளவு ஏற்றி, வண்டியிலிருந்து கழற்றி, நிழலான இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஓட்டும்போது ஏற்படும் ஒரு பீதியையும் இங்கே தீர்த்துவிடலாம். மேம்பாலம் ஏறும்போது டிஸ்ப்ளேயில் பேட்டரியின் அளவைக் காட்டும் மூன்று கோடுகள் ஒன்றாகச் சுருங்கி, இறக்கத்தில் மீண்டும் மூன்றாகிவிடும். பேட்டரி பழுது என்று நினைத்து அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை. ஏற்றத்தில் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுப்பதால் மின்னழுத்தம் தற்காலிகமாகத் தாழ்கிறது, அவ்வளவுதான். ஏற்றத்திலும், சிக்னலில் நின்று கிளம்பும்போதும் நாமும் நாலு மிதி மிதித்துக் கொடுத்தால் இந்தச் சுமை வெகுவாகக் குறையும்.

மழையைப் பொறுத்தவரை, தூறலுக்கும் முழங்கால் வெள்ளத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறப்பதே தவறு. சாரலைத் தாங்கும் வண்டி, மோட்டார் மூழ்கும் நீரைத் தாங்காது. சக்கர மையத்தின் அச்சு வழியே வயர் நுழையும் இடத்தில் நீர் கசிந்து உள்ளே போகும். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்த நீரும் அதையேதான் செய்யும், ஈரத்துணி போதும்.

பின்சக்கர மோட்டாரின் கனம் முழுவதையும் தாங்குபவை ஸ்போக் கம்பிகள். புது வண்டியில் முதல் நூறு இருநூறு கிலோமீட்டருக்குள் அவை தளரும். விரலால் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தால் தொளதொளப்பு தெரிந்துவிடும். கோட்டம் எடுக்கத் தெரிந்த பழைய சைக்கிள் கடைக்காரரே இதற்குப் போதும், நிறுவன மெக்கானிக் தேவையில்லை. பஞ்சர் ஒட்டுவதும் அப்படியே: சக்கரத்தைக் கழற்றாமல் டியூபை மட்டும் வெளியே இழுத்து ஒட்டிவிடுவார். கழற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் பேட்டரியை எடுத்துவிட்டு, மோட்டார் வயரின் இணைப்பைப் பிரித்துவிட்டுத்தான் நட்டில் ஸ்பேனரை வைக்க வேண்டும் என்பதை அவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். என் வண்டியில் அதைச் சொல்லாமல் டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் வயர் அறுந்திருந்தது. பிழை அவருடையது அன்று. மாட்டும்போது, அச்சு சுழலாமல் தடுக்கும் வாஷரைப் பழைய இடத்திலேயே, பழைய பக்கத்திலேயே பொருத்த வேண்டும். அது விடுபட்டால் மோட்டார் தன் அச்சையே திருகி வயரைப் பிய்த்துவிடும்.

கடைசியாகப் பழைய பேட்டரி. உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்து பார்க்கவும், பிரித்துப் பார்க்கவும், காயலான் கடையில் எடைக்குப் போடவும் கூடாது. மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, பயன்பட்ட பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, ரசீதில் அதைக் குறிக்கச் சொல்லுங்கள்.