ஏப்ரன் வாங்கும்போது துணியைப் பாருங்கள்
துடைத்தால் போதும், துவைக்க வேண்டாம் என்ற வசதிக்காகப் பலரும் பாலியஸ்டர் ஏப்ரனையோ பிளாஸ்டிக் பூச்சு உள்ளதையோ வாங்கிவிடுகிறார்கள். பாத்திரம் கழுவ அது சரி, அடுப்பு முன்னால் நிற்க தயவுசெய்து வேண்டாம். பாலியஸ்டர் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டு காயத்தை இன்னும் ஆழமாக்கும். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆனால் உருகி ஒட்டாது, அதிலும் நெருக்கமாக நெய்த கனமான துணி என்றால் சட்டென்று பற்றாது. மார்பிலிருந்து முழங்கால் வரை மறைக்கட்டும்.

நாடா நுனியை அடுப்புப் பக்கம் தொங்கவிடாதீர்கள். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும், இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் கொதிக்கும் எண்ணெயோ தண்ணீரோ கொட்டினால் நனைந்த துணி சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு தோலைச் சுட்டுக்கொண்டே இருக்கும். உடனே கழற்றுங்கள், தோலில் ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காதீர்கள். அப்புறம் சுட்ட இடத்தை 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம்.

இன்னொன்று, ஈரமான ஏப்ரன் நுனியால் சூடான பாத்திரத்தைப் பிடித்து இறக்காதீர்கள், காய்ந்த துணியைவிட ஈரத்துணி சூட்டைப் பல மடங்கு வேகமாகக் கைக்குக் கடத்தும்.