பங்குனிக் காலையில் குளக்கட்டில் பறவை பார்ப்பதற்கு

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் வலசைப் பறவைகள் மிகுந்திருப்பது மார்கழி, தை மாதங்களில்தான் என்றாலும், குழுவாகச் சென்று பார்ப்பதற்குப் பங்குனியே சிறந்தது என்பது என் கருத்து. வடக்கே திரும்புமுன் கருவால் மூக்கன் என்னும் நீண்ட அலகுடைய கரையோரப் பறவையின் கழுத்தும் மார்பும் செம்பழுப்பேறுகின்றன. உண்ணிக்கொக்கின் தலை செம்மஞ்சளாகிறது. மண்நிறத்தில் ஒடுங்கிக் கிடந்த குளக்கொக்கின் முதுகு கருஞ்சிவப்பாக மாறுகிறது.

ஒரு காலைக்கு ஓர் இடமே போதும். கட்டுக்கரைக் குளம், இரணைமடு, வவுனிக்குளம் ஆகிய குளங்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். கரையோரப் பறவைகளை விரும்புவோர், 2010இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் பேணப்படும் ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்துக்குச் செல்லலாம். அங்கு செல்லுமுன் வனசீவராசிகள் திணைக்களத்தில் அனுமதி பற்றிக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

சூரியன் ஆறு மணிக்குச் சற்றுப் பின்னரே உதிப்பதால், 5.45க்குக் குளத்தடியில் கூடுவது நல்லது. காட்டோரமாயின், இன்னும் வலசை போகாத ஆறுமணிக்குருவியின் இருகுரல் சீழ்க்கையை அவ்வேளையில் கேட்க வாய்ப்புண்டு. வெளிச்சம் வந்ததும் குளத்தின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே நோக்க வேண்டும். எதிர்வெயிலில் பார்த்தால் எந்த வாத்தும் கறுப்பு வாத்தே. எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி நடைக்குப் போதுமானது. அதற்கு மேற்பட்டவை கைநடுக்கத்தையும் பெரிதாக்கும். மங்கிய பச்சை அல்லது மண்நிற உடை அணியலாம், ஆனால் படையினர் உடையை ஒத்த புள்ளித்துணியை இப்பகுதியில் தவிர்ப்பதே விவேகம்.

இரண்டு எச்சரிக்கைகளைக் குழுவை நடத்துபவர் புறப்படுமுன் சொல்லியாக வேண்டும். கண்ணிவெடி அபாயப் பலகை உள்ள இடத்தை அணுகாமலும், பறவை எவ்வளவு அரிதாயினும் ஊரவர் புழங்கும் பாதையைவிட்டு இறங்காமலும் இருக்க வேண்டும். ஈரம் உலராத யானை இலத்தியைக் கண்டால், வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

பத்துப் பேருக்கு மேற்பட்டால் நடை ஊர்வலமாகிவிடும். நூறு அடி நடந்து பத்து நிமிடம் நிற்பது என்று வைத்துக்கொண்டால், முதலில் பறந்துபோன ஆட்காட்டிகள்கூடத் திரும்பி வந்து இறங்கும். பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முயலாமல், பத்துப் பறவைகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணால் அளந்து, அந்த அளவு கூட்டத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று கணக்கிட வேண்டும்.

எட்டரை மணிக்கு வெயில் ஏறியதும் மருதமர நிழலில் அமர்ந்து, தேநீரோடு பட்டியலை வாசித்துச் சரிபார்க்கலாம். கருத்து வேறுபாடு எழும்போது வயதில் மூத்தவரின் சொல்லை ஏற்கும் நம் வழக்கம் இங்கு உதவாது. காலின் நிறத்தையும் அலகின் நீளத்தையும் எவரும் தெளிவாகக் காணாவிட்டால், "இனந்தெரியாத உள்ளான், 4" என்றே எழுதிவிட வேண்டும்.