பைத்தான்ல ரீட், ரைட் ஈவன்ட்டுக்கு கால்பேக் ரெஜிஸ்டர் பண்றது எப்படி?

ஒரு கிளையன்ட்டுக்கு ஒரு த்ரெட்னு போட்டு சர்வர் எழுதுறதுல சின்ன அளவுல தப்பே இல்ல. கனெக்‌ஷன் எக்கச்சக்கமா ஏறும்போதுதான் இந்த முறை தேவைப்படும்: "இந்த சாக்கெட்ல (ஒரு கனெக்ஷனோட நம்ம பக்க முனை) ஏதாவது வந்தா இந்த ஃபங்ஷன் (இதான் கால்பேக்)"னு முன்னாடியே பதிஞ்சு வச்சிட்டு ஒரே த்ரெட்ல காத்திருக்கறது. இதுக்கு செலக்டர்ஸ்னு ஒரு மாட்யூல் பைத்தான் 3.4ல இருந்தே கூடவே வருது, தனியா எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம்.

முதல்ல 'செல்'ங்கற பேர்ல டிஃபால்ட்செலக்டர் ஒண்ணு உருவாக்கிக்கோங்க. எந்த சாக்கெட் தயார்னு சொல்ற ஓஎஸ் வசதியை, லினக்ஸ்னா ஈபோல், மேக்னா கேக்யூனு அதுவே பாத்து எடுத்துக்கும். அடுத்து லிசன் பண்ற சாக்கெட்டை செட்பிளாக்கிங்(ஃபால்ஸ்) ஆக்கிட்டு (டேட்டா இல்லன்னா காத்து நிக்காம உடனே திரும்பிடும்) இப்படி:

செல்.ரெஜிஸ்டர்(சாக்கெட், ஈவன்ட்_ரீட், புதுஆள்)

கடைசில இருக்கிற 'புதுஆள்' நம்ம ஃபங்ஷன். அடைப்புக்குறி போடாம வெறும் பேரை மட்டும் குடுங்க, புதுஆள்()னு போட்டா அப்பவே ஓடி முடிஞ்சு அது திருப்பிக் குடுத்த None (வெறும் மதிப்பு)தான் போய் பதியும். இன்னொரு விஷயம், இந்த மாட்யூல் கால்பேக்கை தானா கூப்பிடாது, அந்த மூணாவது இடம் வெறும் டேட்டா, என்ன வேணா வைக்கலாம், நாம ஃபங்ஷனை வைக்கிறோம், கூப்பிடறதும் நாமதான்:

வொய்ல் ட்ரூ:
    ஃபார் கீ, மாஸ்க் இன் செல்.செலக்ட்():
        கீ.டேட்டா(கீ.ஃபைல்ஆப்ஜ், மாஸ்க்)

அவ்ளோதான் லூப்பு. மாஸ்க்ங்கறது ரீடா ரைட்டா, எது தயார்னு சொல்றது. 'புதுஆள்' உள்ள அக்செப்ட் பண்ணி, வந்த சாக்கெட்டுக்கும் தனியா செட்பிளாக்கிங்(ஃபால்ஸ்) போட்டு (லிசனருக்கு போட்டது இதுக்கும் வந்துடும்னு நம்பாதீங்க), 'படி'ங்கற ஃபங்ஷனோட ரெஜிஸ்டர் பண்ணுங்க. 'படி'ல ரிசீவ் காலியா வந்தா எதிர்ப்பக்கம் மூடிட்டான்னு அர்த்தம். உடனே அன்ரெஜிஸ்டர், அப்புறம் குளோஸ், இந்த வரிசையிலயே பண்ணுங்க. அன்ரெஜிஸ்டர் பண்ணாம மூடினா அந்த ஃபைல் டிஸ்கிரிப்டர் நம்பரையே (திறந்த சாக்கெட்டுக்கு ஓஎஸ் வைக்கிற எண்) ஓஎஸ் அடுத்து வர்ற கனெக்‌ஷனுக்கு தூக்கிக் குடுக்கும், அதை ரெஜிஸ்டர் பண்ணப் போனா ஏற்கனவே இருக்குனு கீஎரர் அடிக்கும், எங்கேருந்து வருதுன்னே புரியாது.

ரீட் பக்கம் இவ்ளோதான். ரைட்லதான் நிறைய பேர் மாட்டுறாங்க. ரீட் மாதிரியே ஈவன்ட்_ரைட்டையும் ஆரம்பத்துலயே சேத்து பதிஞ்சிடறாங்க, ஆனா சாக்கெட் பெரும்பாலும் எழுதத் தயாராத்தான் இருக்கும், அதனால செலக்ட் எங்கயும் நிக்காம திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கும், ஒரு வேலையும் இல்லாமலே டாப் கமாண்ட்ல சிபியு 100% காட்டும். அனுப்ப ஏதாவது பாக்கி இருந்தா மட்டும் ரைட் கேளுங்க. முதல்ல நேரடியா சென்ட் பண்ணுங்க, எத்தனை பைட் போச்சுனு அது சொல்லும், பிளாக்கிங்ஐஓஎரர் வந்தா ஒண்ணுமே போகலைனு எடுத்துக்கோங்க. மீதியை ஒரு பஃபர்ல வச்சிட்டு செல்.மாடிஃபை(சாக்கெட், ஈவன்ட்_ரீட் | ஈவன்ட்_ரைட், ஃபங்ஷன்), பஃபர் காலியானதும் மறுபடி மாடிஃபை பண்ணி ரீட் மட்டும்.

ரீடுக்கு ஒரு ஃபங்ஷன் ரைட்டுக்கு ஒண்ணுனு ஒரே சாக்கெட்டை ரெண்டு தடவை ரெஜிஸ்டர் பண்ண முடியாது. ஒரே ஃபங்ஷன்ல மாஸ்க்கைப் பாத்து பிரிச்சுக்கலாம், இல்லன்னா டேட்டால ரெண்டையும் ஒரு டியூப்பிளா வைக்கலாம், ஏசிங்க்ஐஓ (பைத்தானோட கூடவே வர்ற இன்னொரு மாட்யூல், இந்த லூப்பை அதுவே ஓட்டும்) உள்ளுக்குள்ள பண்றதும் இதேதான். அங்க ஆட்_ரீடர், ஆட்_ரைட்டர்னு தனித்தனியா இருக்கு, ஏற்கனவே ஏசிங்க்ஐஓ ஓடிட்டிருந்தா அதையே யூஸ் பண்ணுங்க, இதைத் தனியா எழுத வேணாம்.

கால்பேக் உள்ள டைம்.ஸ்லீப், பெரிய டேட்டாபேஸ் குவெரி மாதிரி எதுவும் வேணாம், ஒரே த்ரெட்ங்கறதால ஒருத்தன் நின்னா எல்லாரும் நிப்பாங்க.

கீபோர்ட் இன்புட் வேணும்னா லினக்ஸ்ல எஸ்டிடின்னையும் (ப்ரோக்ராமோட ஸ்டாண்டர்ட் இன்புட்) ரெஜிஸ்டர் பண்ணலாம், விண்டோஸ்ல சாக்கெட் மட்டும்தான். ஆனா ரீட்லைன் போடாதீங்க. பைப் வழியா (இன்னொரு ப்ரோக்ராமோட அவுட்புட்) மூணு வரி ஒண்ணா வந்தா அது மொத்தத்தையும் உள்பஃபருக்கு இழுத்துட்டு ஒரு வரிதான் குடுக்கும், மிச்ச ரெண்டு இருக்கறது செலக்ட்டுக்குத் தெரியாது, அடுத்து ஏதாவது வர்ற வரைக்கும் சும்மா கிடக்கும். ஓஎஸ்.ரீட்(0, 4096)னு நேரா எடுத்து வரியை நீங்களே பிரிச்சுக்கோங்க. டிஸ்க்ல இருக்கிற சாதா ஃபைலை மட்டும் இதுல குடுக்காதீங்க, ஈபோல் ஏத்துக்காது, பர்மிஷன்எரர் வரும், அதைப் பாத்துட்டு சிஎச்மோட் (ஃபைல் அனுமதியை மாத்துற கமாண்ட்) பண்ணிட்டு உக்காந்திருக்க வேணாம்.